இறைத்த நீருக்கு யார் கணக்கு?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பாசன வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏரி, கிணறு, அணை என்று எழுதுவார்கள். தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் சிப்காட், மோட்டார் வாகனம், கைக்கடிகாரம், கருங்கல் ஏற்றுமதி என்று எழுதுவார்கள். இரண்டு வரலாற்றிலும் இடம்பெறாத வேலை ஒன்று உண்டு. தோண்டிய குழியில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றும் வேலை அது. கிணறு வெட்டியவர்களும், குவாரியில் கல் எடுத்தவர்களும், ஆலைக்குக் கடைக்கால் போட்டவர்களும் இதைச் செய்யாமல் ஓர் அடிகூடக் கீழே இறங்கியிருக்க முடியாது. மாடு இழுக்கும் கவலையில் தொடங்கிக் காற்றில் ஓடும் டயாபிரம் பம்பு வரை அந்த வேலைக்கான கருவிகள் பலமுறை மாறியிருக்கின்றன. ஆனால் கருவி மாறியதைவிடப் பெரிய மாற்றம், இறைத்த நீரின் கணக்கு மாறியதுதான். கிணற்றிலிருந்து இறைத்த நீருக்கு உடையவர் இருந்தார், போய்ச்சேர வயல் இருந்தது. குவாரியிலும் கட்டுமானக் குழியிலும் இறைக்கும் நீருக்கு இரண்டும் இல்லை. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் அந்தக் கணக்கு விட்டுப்போனது சிறிய பிழை அல்ல.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கும் கிழக்குமாக நிலம் கிருஷ்ணகிரியை நோக்கி இறங்குகிறது. மண்ணுக்கு அடியில் கருங்கல், நைஸ், சார்னோகைட் என்று கடும்பாறைதான். மேலே இருபது முப்பது மீட்டர் வரை சிதைந்து இளகிய பாறையில் கொஞ்சம் நீர் தங்கும். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீர் ஓடும். ஆற்றுப்படுகை மணலைப் போல நீரைத் தேக்கும் தன்மை இந்தப் பாறைக்கு இல்லை. அதனால் இங்கே கிணறு என்பது வெடிப்பைத் தேடிப் போகும் பள்ளம். வெட்டும்போதே பக்க ஊற்று பீறிடும். அதை இறைத்துவிட்டுத்தான் அடுத்த முழம் வெட்ட முடியும். இரண்டு மாடு, வடக்கயிறு, தோல் பறி, சரிவாக வெட்டிய ஓடுபாதை என்று இருந்த கவலைதான் வெட்டும்போது குழியை வற்ற வைத்தது. வெட்டி முடித்ததும் அதே கவலை தோட்டத்துக்கு நீர் பாய்ச்சியது. வெட்ட இறைத்த நீரும் பயிருக்கு இறைத்த நீரும் ஒரே வாய்க்காலில் ஓடின. 1792ல் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து நன்செய், புன்செய், தோட்டம் என்று வகைப்படுத்தித் தீர்வை வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் தோட்டம் என்பது கிணற்று நீர் பாயும் நிலம். அதாவது இறைக்கும் நீர் அரசின் ஏட்டிலும் ஏறியிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினைக் கொண்டு நீர் இறைக்கும் முயற்சிகளை ஆல்ஃபிரட் சாட்டர்டன் முன்னெடுத்தார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் வேர்விட்டது. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் அந்தப் பம்புசெட்டு மெதுவாகவே வந்தது. ஆனால் வந்தபின் மாடு இழுக்கும் ஆழம் என்ற எல்லை போய்விட்டது. 1990ஐ ஒட்டி விவசாய மின்சாரம் முழுக்கவே கட்டணமில்லாமல் ஆனபோது, இறைக்கும் செலவு என்ற எல்லையும் போனது. கிணறுகள் ஆழமாயின, பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. இந்தக் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சுட்ட விரும்புவது ஒன்றுதான். அளவுக்கு மீறி இறைத்தபோதும் அந்த நீர் ஒரு பயிருக்குப் போனது. குறைந்தால் இறைத்தவரே முதலில் தவித்தார். இறைப்பவரும் இழப்பவரும் ஒருவராக இருந்த வரையில், கணக்கு எழுதாவிட்டாலும் அது மனத்தில் இருந்தது.

நீரைத் தேவைக்காக அல்லாமல் தொல்லையாக மட்டும் பார்த்து இறைக்கும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில் முதலில் பெரிதாக வளர்ந்த இடம் கோலார் தங்கவயல். கிருஷ்ணகிரி நகரத்துக்கு வடக்கே, நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது அது. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கம் தோண்ட வந்தது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதன் அடியாழத்தில் உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டு, இறைக்கும் வேலை நின்றதும், நீர் மேலேறிச் சுரங்கங்களை நிரப்பியது. பள்ளம் இருக்கும் வரை நீர் அதைத் தேடி வந்துகொண்டேதான் இருக்கும் என்பதைத் தங்கவயல் காட்டிவிட்டது. தோண்டுகிறவர் போன பிறகும் நீரின் போக்கு அந்தப் பள்ளத்தைச் சுற்றியே அமைகிறது.

அடுத்த தலைமுறையில் அந்த வேலை கருங்கல் குவாரிக்கு வந்தது. தேன்கனிக்கோட்டை, பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுப்பகுதிகளில் எடுக்கும் கல்லில் ‘பாரடைசோ’ என்ற பெயர் வெளிநாட்டுக் கல் சந்தையிலும் வழங்குகிறது. குவாரிக் குழியில் நிற்கும் நீர் தெளிந்த நீர் அல்ல. வைரக் கம்பி ரம்பம் சூடேறாமலிருக்க அதன்மேல் நீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நீர் கல்மாவைக் கரைத்துச் சாம்பல் நிறக் கூழாகத் தரையில் தேங்கும். சாதாரண மோட்டார் பம்பில் வேகமாகச் சுழலும் இறக்கையை இந்தக் கல்மாவு சீக்கிரமே தேய்த்துவிடும். நீர் குறைந்து காற்றை இழுத்தால் பம்பு வெறுமனே ஓடிச் சீல் கெட்டுப்போகும். டயாபிரம் பம்பு வேறு வழியில் வேலை செய்கிறது. கொல்லன் துருத்தியைப் போல ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசையும். சவ்வு பின்வாங்கும்போது கீழே இருக்கும் குண்டு வால்வு திறந்து சேறு உள்ளே வரும். முன்னேறும்போது அந்த வால்வு மூடி மேல் வால்வு திறந்து சேறு வெளியேறும். சுழலும் பாகம் இல்லை. நீர் தீர்ந்து காற்றை இழுத்தாலும் கெடாது, மீண்டும் நீர் வந்தால் தானே இழுத்துக்கொள்ளும். கையால் இயக்கும் டயாபிரம் பம்பை 1859ல் பாஸ்டனைச் சேர்ந்த ஜேக்கப் எட்சன் உருவாக்கினார். இரண்டு சவ்வுகளை அழுத்தக் காற்றால் மாறிமாறி அசைக்கும் பம்பை 1955ல் அமெரிக்காவில் ஜிம் வில்டன் கொண்டுவந்தார். குவாரியில் ஜாக்ஹேமருக்காகக் கம்ப்ரசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஓஸிலிருந்து ஒரு கிளை பிரித்தால் பம்பு ஓடும். ஈரத்தில் மின்கம்பி இழுக்கும் அபாயமும் இல்லை. உறிஞ்சும் ஆழத்துக்கு மட்டும் எல்லை உண்டு. ஓசூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், கணக்குப்படி 9 மீட்டரைச் சற்றே தாண்டும். நடைமுறையில் 6, 7 மீட்டர்தான். எனவே பம்பைக் குழிக்குள்ளேயே இறக்கி வைத்து, மேல்நோக்கித் தள்ள விடுவார்கள்.

1971ல் தொடங்கிய சிப்காட் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980ல் அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகளும், அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் டைட்டனும் உற்பத்தியைத் தொடங்கின. வண்ணப்பூச்சு, முலாம் பூசுதல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய வேலைகளில் அமிலத்தையும் கரைப்பானையும் சகதியையும் தள்ள இதே வகைப் பம்புகள் ஆலைக்குள்ளும் வேண்டியிருக்கின்றன. ஆலைகளைத் தொடர்ந்து குடியிருப்பும் கிடங்கும் பெருகின. 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. ராமநாயக்கன் ஏரி போன்ற பழைய ஏரிகளைச் சுற்றிய ஊரில், மழைக்காலத்தில் வானம் தோண்டினால் நீர் ஊறத்தான் செய்யும். பெரிய மோட்டார் முக்கால்வாசி நீரை இறைத்துவிடும். களிமண்ணோடு கலந்த கடைசி ஓர் அடியை எடுத்தால்தான் கம்பி கட்டிக் கான்கிரீட் போட முடியும். டயாபிரம் பம்பின் பெருமை அந்தக் கடைசி அடியில்தான். அது கொட்டும் நீர் சாலையோரச் சாக்கடைக்குப் போகிறது. எவ்வளவு போயிற்று என்று எழுதிவைக்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும்: இது சின்ன பம்பு, சில நாள் வேலை, இதில் என்ன பெரிய இழப்பு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிதைந்த கடும்பாறையில் வடிந்து வெளிவரக்கூடிய நீர், அதன் கனஅளவில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் என்று நிலத்தடி நீர் மதிப்பீடுகளில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அந்த ஓர் ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்க, சுமார் 60,000 லிட்டர் வெளியேறினால் போதும். நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளும் பம்பு இதை 5 மணி நேரத்தில் செய்துவிடும். மழைநீர் தொடர்ந்து ஊறி வரும், பக்கத்து நிலத்து நீரும் நகரும் என்பதால் உண்மையில் இவ்வளவு துல்லியமாக மட்டம் இறங்காது. ஆனாலும் அளவின் தன்மை புரிகிறது. டெல்டாவில் பொருட்படுத்தத் தேவையில்லாத நீர், இந்தப் பாறை மேட்டில் ஒரு கிணற்றுக்காரரின் கோடைக்கால நீர். குவாரியில் இறைப்பு சில நாளோடு முடிவதும் இல்லை. பள்ளம் ஆழமாக ஆழமாக, பல ஆண்டுகளுக்கு அது தொடர்கிறது.

இரண்டாவது மறுப்பு, அந்த நீர் சேறும் சிமெண்டும் கலந்தது, எதற்கும் உதவாது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. ஆலைக்குள் ரசாயனம் கலந்த நீரைச் சுத்திகரிக்காமல் எங்கும் விடக்கூடாது. பெங்களூருவின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைப் பார்க்கிற ஊருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குவாரி நீரும் கடைக்கால் நீரும் பெரும்பாலும் மண்ணும் கல்மாவும் கலந்தவைதான். ஒரு தொட்டியில் தேக்கித் தெளியவிட்டு, சோதித்துப் பார்த்து, தூசு அடக்கவும், கான்கிரீட்டுக்கு ஈரம் காக்கவும், தகுதியிருந்தால் ஏரிக்கு விடவும் முடியும். 2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிகளின் நீரைச் சோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் கே.சி. பள்ளத்தாக்குத் திட்டம் வழியாகக் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. அந்தச் சுத்திகரிப்பு போதுமா என்ற வழக்கும் விவாதமும் எழுந்தது உண்மை. அந்த விவாதம் நீரை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யச் சொல்கிறது. கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்லவில்லை.

மூன்றாவது மறுப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். குழியில் நீர் நின்றால் மண் சரியும், ஆள் சாவார், இறைக்காமல் இருக்க முடியாது என்கிறார்கள். சரிதான். இறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவலைக் காலமே நல்ல காலம் என்றும் சொல்லவில்லை. அன்று மாடும் மனிதரும் பட்ட பாட்டை நவீன பம்பு ஒழித்தது நன்மையே. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்ற பழமொழியைச் சொல்லி நீர் தானே திரும்பும் என்று வாதிப்பவர்களும் உண்டு. அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் இறைத்த நீர் பக்கத்து வயலில் பாய்ந்து, ஒரு பங்கு அதே மண்ணுக்குள் இறங்கியது. சாக்கடையில் விட்ட நீர் அப்படி இறங்குவதில்லை.

2003ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013ல் ரத்தானது. கட்டடம் எழும்பியபின் அதன்மேல் விழும் மழையை மண்ணுக்குள் விடச் சொல்கிறோம். அதே கட்டடம் எழும்ப மண்ணிலிருந்து எடுத்த நீரை எங்கே விட்டாய் என்று கேட்பதில்லை. ஆழத்து நீரில் ஃபுளோரைடு இருக்கிற மாவட்டம் என்பதால்தான் ஒகேனக்கல் காவிரி நீரை மலையேற்றி 2013 முதல் இங்கே கொண்டுவருகிறார்கள். அவ்வளவு செலவில் நீரை வரவழைக்கும் மாவட்டம், கையில் இருக்கும் நீரை அளக்காமல் வெளியே விடுவது நியாயம் அல்ல. மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிகள் சுரங்கத்திலும் கட்டுமானத்திலும் இறைக்கும் நீருக்கு அனுமதி வேண்டும் என்கின்றன. அந்தக் கொள்கையை மாநிலமும் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். குவாரி உரிமத்திலும் கட்டட அனுமதியிலும் மூன்று நிபந்தனைகள் சேர்த்தால் போதும்: பம்பின் வாயில் ஒரு மீட்டர், அதற்கடுத்து ஒரு தெளிவுத் தொட்டி, தெளிந்த நீர் எங்கே போகிறது என்று எழுதிய ஓர் ஏடு. பஞ்சாயத்தும் மாநகராட்சியும் அந்த ஏட்டை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும்.