தலைநகரும் தண்ணீரும்

அலுவல் நிமித்தமாகத் தலைநகருக்கு வரும் தமிழ் அன்பர்களுக்குச் சில வேளைகளில் இரண்டு நாள் ஓய்வு கிட்டுவதுண்டு. மும்பையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருவோர், கிடைத்த பொழுதிற்குள் எல்லாவற்றையும் கண்டுவிட வேண்டும் என்று ஓடுகின்றனர். டில்லியிலேயே இருபது ஆண்டுகள் குடியிருக்கும் நம்மவரோ, ஊரிலிருந்து உறவினர் வந்தாலன்றிக் குதுப் மினாரின் பக்கம் போவதில்லை. இவ்விரு சாராருக்கும் ஒரு வழி சொல்ல விரும்புகிறேன். டில்லியைக் கட்டடங்களின் வரிசையாகக் காணாமல், தண்ணீரைத் தேடிய ஒரு நகரின் கதையாகக் கண்டு பாருங்கள்.

டில்லியில் ஏழு தலைநகரங்கள் இருந்தன என்று சொல்வது மரபு. ஓர் அரசன் கட்டிய நகரை விட்டு மற்றோர் அரசன் ஏன் வேறு நகர் கட்டினான்? புகழாசை ஒரு காரணம். பகைவர் அச்சம் மற்றொன்று. மூன்றாவது காரணம் நிலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் ஆரவல்லிப் பாறைத்தொடர், கிழக்கில் யமுனை. பாறை மேல் அரண் உண்டு, நீர் அரிது. ஆற்றங்கரையில் நீர் உண்டு, இயற்கை அரண் இல்லை. நாட்டின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர், மலையோடும் கோட்டையோடும் நீரையும் சேர்த்தே எண்ணியதன் பொருள் இங்கே நன்கு விளங்கும்.

முதல் நாள் தெற்கே மெஹ்ரோலியில் தொடங்குங்கள். சுமார் 72 மீட்டர் உயரமுள்ள குதுப் மினாரைக் குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், பின்னர் இடியால் சிதைந்த மேல் நிலைகளைப் பிரோஸ் ஷா துக்ளக் புதுப்பித்தார். அருகே துருவேறாது நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. இவற்றைக் கண்டபின் பலர் திரும்பிவிடுகின்றனர். திரும்பாதீர்கள். சற்றுத் தெற்கே, இல்துத்மிஷ் 1230ஆம் ஆண்டளவில் வெட்டிய ஷம்ஸி ஏரி இருக்கிறது. மழை நீரைத் தேக்கி வைக்காமல் அப்பாறை நிலத்தில் ஒரு தலைநகர் வாழ முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். மெஹ்ரோலித் தொல்லியல் பூங்காவில், லோதி மன்னர் காலத்தில் 1506இல் அமைந்த படிக்கிணறு ஒன்று நான்கு அடுக்குகளாக இறங்குகிறது. ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த மரபில் வந்த நமக்கு, இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அங்கிருந்து கிழக்கே துக்ளகாபாத் செல்லுங்கள். கியாசுத்தீன் துக்ளக் 1321இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் எழுப்பிய பெருங்கோட்டை இது. இதன் மதில்களின் சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்கும் மேல். இத்தனை வலிமையிருந்தும், அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் நகரம் வெறிச்சோடியது. நீர்ப் பற்றாக்குறையே காரணம் என்பது பலர் கருத்து. மக்கள் சொல்லும் கர்ணபரம்பரைக் கதை வேறு. நிஜாமுத்தீன் அவுலியா தம் இடத்தில் ஒரு படிக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தாராம். தொழிலாளர் அனைவரையும் சுல்தான் கோட்டை வேலைக்கு இழுக்க, அவர்கள் இரவில் விளக்கேற்றிக் கிணற்றை வெட்டினராம். சுல்தான் எண்ணெய் விற்பதைத் தடுக்க, கிணற்று நீரே விளக்கில் எரிந்ததாம். கோட்டை பாழாகட்டும் என்று அவுலியா சபித்தாராம். கதை எப்படியாயினும், கோட்டை இன்று பாழ். கிணற்றில் இன்றும் நீர் இருக்கிறது.

மாலையில் ஹௌஸ் காஸ் ஏரிக்கரையில் அமருங்கள். அலாவுத்தீன் கில்ஜி தமது சிரி நகரின் தேவைக்காக வெட்டிய ஏரி இது. அவருடைய தளபதி மாலிக் காபூர்தான் 1311இல் மதுரை வரை படையெடுத்து வந்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். பின்னர் தூர்ந்து போன ஏரியைப் பிரோஸ் ஷா செப்பனிட்டு, கரையில் ஒரு கல்விச்சாலையும் கட்டினார். அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது. இன்று நாம் காணும் நீர்ப்பரப்பு பழைய ஏரியின் ஒரு பகுதியே.

இரண்டாம் நாள் நிஜாமுத்தீனில் அந்தப் படிக்கிணற்றையும், அருகே நீரோடைகளால் பகுக்கப்பட்ட தோட்டத்தின் நடுவே நிற்கும் ஹுமாயூன் சமாதியையும் கண்டபின், வடக்கே பிரோஸ் ஷா கோட்லாவை அடையுங்கள். பாறையை விட்டு ஆற்றங்கரைக்குத் தலைநகர் இறங்கி வந்த இடம் இது, ஆண்டு 1354. இங்கே அரண்மனை மேல் நிற்கும் அசோகர் தூணைப் பிரோஸ் ஷா வடக்கே தோப்ராவிலிருந்து கொண்டுவந்தார். பஞ்சிலும் தோலிலும் பொதிந்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, பிறகு யமுனையில் படகு வழியாகக் கொணர்ந்ததாக அக்காலச் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். அதன் எழுத்துகளைப் படிக்க அன்று ஒருவரும் இல்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்தபோதே அதன் பொருள் புலப்பட்டது. சாலையோரம் ஆலமரம் நட்டதையும், வழிப்போக்கருக்காகக் கிணறு வெட்டியதையும் அசோகர் அதில் பொறித்திருந்தார்! நீர் தேடி வந்த நகரின் உச்சியில், படிக்க இயலாத நிலையில் நின்றது நீரைப் பற்றிய செய்தியே.

பகலுக்குப்பின் செங்கோட்டை. திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க. ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த இக்கோட்டையின் சுவரடியில் அன்று யமுனை ஓடிற்று. ஆறு இன்று கிழக்கே விலகிவிட, இடையில் பெருஞ்சாலை ஓடுகிறது. பிரோஸ் ஷாவின் பழங்கால்வாயைப் புதுப்பித்துக் கொணர்ந்த நீர், மாளிகைகளின் ஊடே சலவைக்கல் ஓடையாகப் பாய்ந்தது. வறண்ட அவ்வோடையை இன்றும் காணலாம். வெளியே, இளவரசி ஜஹானாரா அமைத்த சாந்தினி சௌக்கின் நடுவிலும் கால்வாய் ஓடியது. அங்கிருந்த குளத்தில் நிலவு ஒளிர்ந்ததால் அப்பெயர் வந்தது என்பர். குளம் மறைந்தது, பெயர் நின்றது.

1911இல் ஆங்கிலேயர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றினர். 1931இல் புது டில்லி திறந்து வைக்கப்பட்டது. இன்றைய மாநகர் யமுனை நீரோடு கங்கைக் கால்வாயையும் பக்ரா அணையையும் நம்பி வாழ்கிறது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் காத்து நிற்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. துக்ளகாபாத்தின் மதில் மேல் நின்றவருக்கு அக்காட்சி புதிதன்று.

இரண்டு நாளில் டில்லி முழுவதையும் காண இயலாது. ஆயினும் ஒரு நகரைக் கேள்வி கேட்கும் முறையை அறிந்துகொள்ள அது போதும். நீங்கள் குடியேறி வாழும் ஊர் எதுவாயினும், திரும்பிச் சென்றதும், அவ்வூர் நீருக்கு எங்கே போயிற்று, பழைய குளங்கள் என்னவாயின என்று விசாரித்துப் பாருங்கள். பிழைக்க வந்த ஊர் அன்றுமுதல் உங்களுக்குத் தெரிந்த ஊராகும்.