கலகம்: உறையூரிலிருந்து திருவரங்கம் வரை ஒரு சொல்லின் வழி

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று கேட்டால் அகராதி விடை சொல்லிவிடும். ஒரே ஊரில், ஒரே சொல், ஒரு படுகொலைக்கும் காதலர் பிணக்கிற்கும் பெயராக நிற்பது எப்படி என்று கேட்டால் அகராதியில் விடை கிடைப்பதில்லை. அதற்கு அந்த ஊரின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். திருவரங்கத்தில் வழங்கும் 'கலகம்' அத்தகைய சொல்.

ஆங்கிலத்தில் 'கான்ஃபிளிக்ட்' என்ற ஒரே சொல் போர் முதல் மனக்குழப்பம் வரை யாவற்றையும் சுமந்துகொள்கிறது. லத்தீனில் அதன் வேர், ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல் என்ற பொருள் தரும் வினை. நம் நாளிதழ்கள் அதனை 'மோதல்' என்று எழுதும்போது அறிந்தோ அறியாமலோ வேர்ப்பொருளையே தொட்டுவிடுகின்றன. சமூகவியல் பாடநூல்களோ 'முரண்பாடு' என்கின்றன. யாப்பில் முரண் என்பது தொடைகளுள் ஒன்று. எதிரெதிரானவை அருகருகே அமைவதால் பிறக்கும் அழகு. அழகுக்கு வைத்த பெயரைப் பூசலுக்கும் வைத்துக்கொண்டதில் நமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

தமிழில் இந்தச் சுமையைப் பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து கிளம்பியது. 'பூசல்' காதில் பிறந்த சொல்: ஆரவாரமும் பூசல், இழவு வீட்டின் அழுகையொலியும் பூசல், போரும் பூசல். 'பிணக்கு' என்பது பிணங்குதல். கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும் பிணங்குதலே. தொடர்பில்லாதவர்கள் பிணங்கிக்கொள்ள முடியாது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. 'தகராறு' அரபியில் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்னும் பொருளுடையது. உருதுவின் வழியே இங்கு வந்து சேர்ந்தது. ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் குடும்பஸ்தர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

'போர்' தனியே நின்று பார்க்கத்தக்கது. அதன் வினை பொருதல். 'பொரு' என்னும் அடியிலேயே ஒத்திருத்தல், நிகராதல் என்ற பொருளும் உண்டு. பொருநன் என்றால் போர் செய்பவன், உவமிக்கப்படுபவனும் பொருநனே. நிகரானவரோடு செய்வதே போர் என்ற எண்ணம் இச்சொல்லுக்குள் புதைந்து கிடப்பதாகக் கருத இடமுண்டு. கலகத்திற்கு அந்த நிபந்தனை இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கலகம் எம்மொழிச் சொல் என்பதே ஒரு வழக்கு. 'கலஹ' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. கல, கலங்கு, கலக்கு, கலாம், கலாய் என்று தமிழில் ஒரு சொற்குடும்பமே இருக்க, இதனைமட்டும் அயலிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்பாரும் உளர். கலாம் என்றால் பூசல். கலாய்த்தல் என்றால் சினந்து பூசலிடுதல். இன்று நம் மாணவர்கள் ஒருவரை ஒருவர் 'கலாய்க்கிறார்கள்'. இது தங்கள் தலைமுறை உண்டாக்கிய சொல் என்று அவர்கள் நம்புகிறார்கள். பழந்தமிழ்ச் சொல் என்று வகுப்பில் சொன்னால் நாம் அவர்களைக் கலாய்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வேரைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. அச்சொல் எவர் வாயில், எவரைக் குறித்து வந்தது என்பதே இங்கு நமக்குப் பொருள்.

திருவரங்கத்திற்குப் போகுமுன் ஆற்றின் தென்கரையில் உறையூரில் சற்றே நிற்க வேண்டும். இன்று திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர், முற்காலச் சோழரின் தலைநகர். புறநானூற்றின் 45ஆம் பாட்டுக்குரிய பழங்குறிப்பு ஒரு முற்றுகையைச் சொல்கிறது. நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்கிறான். நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைத்துக்கொண்டு இருக்கிறான். இருவரும் சோழர்கள். அங்கே கோவூர்கிழார் வருகிறார். அவர் சுட்டிக்காட்டுவது கண்ணுக்கு நேரே தெரிகின்ற ஒன்றைத்தான். எதிரில் நிற்பவன் சேரனுக்குரிய பனம்பூ அணிந்தவனுமல்லன், பாண்டியனுக்குரிய வேம்பு அணிந்தவனுமல்லன்; இரு தரப்பிலும் ஆத்தி மாலையே கிடக்கிறது. எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்பது அவர் வாதம். போரைக் கண்டித்து அவர் அறவுரை எதுவும் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சூடிய பூவைக் காட்டி, இதற்குப் போர் என்ற பெயர் பொருந்துமா என்றுதான் கேட்கிறார்.

பூவுக்கும் போருக்கும் உள்ள இந்த உறவைப் புறத்திணை இலக்கணம் முறைப்படுத்தியது. தொல்காப்பியம் மதிலை வளைப்பதையும் காப்பதையும் உழிஞை என்ற ஒரே திணையில் அடக்கியது. பின்னால் வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதனைப் பிரித்தது: வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி. அவ்வாறே ஆநிரை கவர்பவனுக்கு வெட்சி, மீட்பவனுக்குக் கரந்தை. மண் கொள்ள வருபவனுக்கு வஞ்சி, எதிர்த்துக் காப்பவனுக்குக் காஞ்சி. தொல்காப்பியரின் காஞ்சி நிலையாமையைப் பற்றியது என்பதால் இப்பகுப்பைக் குறை கூறுவோர் உண்டு. இலக்கண மரபின்படி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆயினும் வரலாறு படிப்பவருக்கு வெண்பாமாலையின் பகுப்பே கூர்மையானது என்பது நம் எண்ணம். ஒரே நாளில், ஒரே மதிலடியில் நடக்கும் ஒரே செயலுக்கு மதிலின் வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர். தும்பையில்மட்டுமே இரு தரப்பும் ஒரே பூவைச் சூடுகின்றன.

1751, 1752ஆம் ஆண்டுகளில் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி அடைபட்டிருக்க, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வளைத்துக் கிடந்தார்களே, அதுவும் உழிஞையும் நொச்சியும்தான். 1752 ஜூனில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லா திருவரங்கத் தீவில் சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 'கர்நாடகப் போர்' என்ற பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. இரண்டு வணிகக் கம்பெனிகளின் போட்டிக்கு நம் நாட்டின் பெயரைச் சூட்டி நாம் பரீட்சை எழுதினோம் என்பதற்குமேல் இங்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனித் திருவரங்கம். கோயிலின் வரலாற்றைச் சொல்லும் நூலுக்குக் 'கோயிலொழுகு' என்று பெயர். ஒழுகு என்றால் வரிசைப்படி எழுதிவைத்த பதிவு. நடந்துவரும் முறை என்பதும் அதனுள் அடக்கம். யாருக்கு என்ன பணி, எவருக்கு எந்த மரியாதை, எந்த நாளில் எந்த உற்சவம் என்று கோயிலின் ஒழுங்கைச் சொல்வதே அதன் முதற்கடமை. அந்த ஒழுங்கு அறுந்துபோன ஒரு காலத்தையும் அம்மரபு பதிவு செய்துள்ளது. 1323இல் உலூக் கானின் தலைமையில் தில்லிப் படை தெற்கே வந்தது. பின்னாளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் அரியணை ஏறியவர் இவரே. அப்படை திருவரங்கத்தைத் தாக்கிய நிகழ்ச்சிக்கு வைணவ மரபு சூட்டிய பெயர் 'பன்னீராயிரம் முடிதிருத்திய பன்றியாழ்வான் மேட்டுக் கலகம்' என்பது.

இப்பெயரின் முன் நாம் சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும். பன்றியாழ்வான் என்பது வராகப் பெருமாள். முடிதிருத்துதல் இன்று கடைப்பலகையில் காணும் சொல். இங்கே அது தலை கொய்தலைக் குறிக்கிறது. பன்னீராயிரம் என்பது மரபு சொல்லும் தொகை. அதனை எண்ணிக்கையாகக் கொள்வதா, பெருந்தொகை என்று கொள்வதா என்பது வேறு ஆராய்ச்சி. கொல்லுதல், வெட்டுதல் என்று நேரே சொல்ல நா எழாதவர்கள் வைத்த பெயர் இது என்று நமக்குப் படுகிறது. செத்தவரைத் துஞ்சினார் என்றும், விளக்கை அணைக்காமல் 'குளிரவை' என்றும் சொல்லும் மங்கல வழக்கின் வழிவந்தது. ஆனால் சுமக்க முடியாத ஒன்றை அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

ஏன் இதனைப் போர் என்று சொல்லவில்லை? பொருவதற்கு நிகரான இன்னொரு படை அங்கு இல்லை. மேட்டில் இருந்தவர்கள் அடியார்களும் கோயிற்பணி செய்வோருமே. வந்தவர்களின் பார்வையில் அது படையெடுப்பு, வெற்றி. கோயிலுக்கோ ஒழுகு குலைந்தது, ஆகவே கலகம். உற்சவமூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே சென்ற பிள்ளை லோகாசாரியர் வழியிலேயே சோதிடகுடியில் மறைந்தார். வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை ஏட்டைக் காத்துக்கொண்டு, பிணங்களினூடே கிடந்து தப்பினார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. பெருமாள் மீண்டது 1371இல். விசயநகர இளவரசர் குமார கம்பணரின் அதிகாரி கோபணார்யர் மீண்டும் எழுந்தருளச் செய்ததைச் சக ஆண்டு 1293க்குரிய வடமொழிக் கல்வெட்டு கோயிலில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட 48 ஆண்டுகளையும் அந்த ஒரு சொல்லே சுமந்தது.

அதே கோயிலின் மதிற்சுவர் 478 ஆண்டுகள் கழித்து வேறொரு கலகத்தைக் கண்டது. 1801 ஜூன் 16 என்று நாளிட்ட மருதுபாண்டியரின் அறிக்கை இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது: ஒன்று திருச்சிக் கோட்டையில் நவாபு அரண்மனை வாயிற்சுவரில், மற்றொன்று திருவரங்கம் கோயிலின் பெருமதிலில். சம்புத்தீவின் மக்களை நோக்கி, சாதி பாராமல், ஐரோப்பியருக்கு எதிராக எழுமாறு அழைத்த அறிக்கை அது. கிழித்தெறிபவர்க்குப் பெரும்பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. ஒட்டியவர்கள் இடமறிந்தே ஒட்டியிருக்கிறார்கள். அரசு நடக்கும் வாயில் ஒன்று. நாலா திசையிலிருந்தும் அடியார் வந்து குவியும் மதில் இன்னொன்று. ஆறு வாரங்களில், 1801 ஜூலை 31இல், கர்நாடகத்தின் ஆட்சியே உடன்படிக்கையின் வழியாகக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

கம்பெனியின் ஆவணங்களில் அவர்கள் கலகக்காரர்கள். 1323இல் அரண்மனையின் பலம் ஏதுமின்றி வெட்டுண்டவர்கள் சொன்ன சொல்லை, 1801இல் தூக்குக்கயிற்றைக் கையில் வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் பேசுபவர் தம்மை ஒழுங்கின் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். கோயிலார் நின்ற ஒழுங்கு நூற்றாண்டுகளாக ஒழுகி வந்தது. கம்பெனி நின்ற ஒழுங்கோ நேற்று முளைத்தது. சொல் அந்த வேறுபாட்டை அறிவதில்லை. 1806இன் வேலூரும் 1857இன் வடநாடும் இவ்வாறே 'சிப்பாய்க் கலகம்' என்று நம் பழைய பாடநூல்களில் ஏறின. பின்னர் அவை புரட்சி என்றும் விடுதலைப் போர் என்றும் மாறின. பேராசிரியர் கே. ராஜய்யன் 1800-1801 எழுச்சியைப் பற்றி 1971இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பில் தென்னிந்தியக் கிளர்ச்சி என்றும், அதன் கீழேயே முதல் விடுதலைப் போர் என்றும் இரண்டையும் வைத்தார். போர் என்ற சொல்லைக் கொடுப்பது நிகர் என்று ஒப்புக்கொள்வது. அதை வாங்குவதற்குச் செத்தவர்கள் 170 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எஞ்சியிருப்பது பங்குனி. ஆதிபிரம்மோற்சவத்தின்போது நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, சோழன் மகளாக மரபு சொல்லும் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் அமர்கிறார். திரும்பி வந்து பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயாரின் சந்நிதிக்குச் சென்றால் கதவு சாத்தப்படுகிறது. பூப்பந்துகளும் வாழைமட்டையும் பறக்கின்றன. இரு தரப்புக்கும் கோயிலார் நின்று வாதாடுகிறார்கள். எங்கே போயிருந்தீர் என்று கேள்வி, சமாதானம், மறுபடியும் கேள்வி. ஊரார் இதனை 'மட்டையடி' என்கிறார்கள். கோயில் வழக்கில் இதன் பெயர் 'பிரணய கலகம்'.

அகத்திணை படித்தவருக்கு இது ஊடல். தலைவனுக்காக வாதாடும் வாயில்களைத் தொல்காப்பியம் பன்னிரண்டாக எண்ணுகிறது: தோழி, பாங்கன், பாணன், விறலி, அறிவர் முதலானோர். இங்கே வாயிலாக வருபவர் நம்மாழ்வார். ஊடல் என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கோயிலார் கலகம் என்றே சொன்னது ஏன் என்று நாம் யோசித்ததுண்டு. தாயாரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இங்கும் ஒரு முறைதான் தவறியிருக்கிறது. போனவர் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார். போன இடமும் அதே உறையூர்.

ஆழ்வார் பேசி முடித்தபின் கதவு திறக்கிறது. பெருமாளும் தாயாரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஆசனத்தில் காட்சி தருவது அன்றுதான். அந்தச் சேர்த்தியின் முன் நின்றே இராமானுசர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு. ஆதலால் இன்றும் அந்த நாளில் அங்கே அதனைச் சேவிக்கிறார்கள். வெளியே, மட்டைகளைக் கூட்டி அள்ளும் பணி நடந்துகொண்டிருக்கும்.