கொக்குவிலுக்கு வந்த றோசா

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு கலியாண மணவறையில் விரிந்து நிற்கும் றோசா செடியிலிருந்து வெட்டப்பட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அதற்குள் அது ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கி, சால்வை போர்த்தும் குளிரிலிருந்து விசிறி தேடும் வெக்கைக்குள் வந்துவிட்டது. பொம்பிளையின் கூறைக்கும் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கும் எந்த நிறம் ஒத்துவரும் என்று பூக்கடையில் நின்று தேடுகிறவர்கள் அந்த நேரத்து நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். தாலி ஏறும் நேரத்தில் அந்தப் பூ என்ன நிறத்தில் இருக்கும் என்பது அது வந்த வழியைப் பொறுத்தது. ஆகவே அந்த வழியைத்தான் முதலில் அறிய வேண்டும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். றோசா அதில் இல்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் மணமகளைப் பூவும் நெல்லும் இட்ட நீரால் மங்கல மகளிர் நீராட்டுகிறார்கள். நம் ஊரில் பாலறுகு வைத்துத் தோயவார்க்கும்போது அந்த வழக்கத்தின் நிழலை இன்றும் காணலாம். அங்கும் றோசாவுக்கு இடமில்லை. நம் கலியாணங்களுக்குள் றோசா நெடுங்காலம் நீராகவே நடமாடியது. வாசலில் சந்தனக் கும்பாவுக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு ஒரு பிள்ளை நின்று வருகிறவர்கள்மேல் தெளிக்குமே, அதில் இருப்பது றோசாவின் வாசம். பாரசீகத்தில் காய்ச்சி வடித்த பன்னீர் கப்பல்களில் இந்தியப் பெருங்கடல் முழுவதும் விலைபோன சரக்கு. செடியையும் முள்ளையும் நிறத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வாசம் மட்டும் கடலில் வந்திருக்கிறது.

முழுப் பூவாக அது கலியாணத்துக்கு வரவேண்டுமானால் முதலில் எந்த மாதத்திலும் பூக்கப் பழக வேண்டும். முகூர்த்தம் தையிலும் வரும், வைகாசியிலும் வரும், ஆவணியிலும் வரும். ஐரோப்பாவின் பழைய றோசாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே ஒரு பருவத்தில் பூத்து ஓய்ந்துவிடுபவை. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன றோசாவிடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனக் கன்றுகள் வணிகக் கப்பல்களில் ஐரோப்பா போயின. சில கல்கத்தா வழியாகப் போனதால் அவற்றுக்கு வங்காள றோசா என்றே பெயர் விழுந்தது. இரண்டு குலமும் கலந்தபின், 1867இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்ற தோட்டக்காரர் ‘லா பிரான்ஸ்’ என்ற இளஞ்சிவப்பு வகையை வெளியிட்டார். நீண்ட தண்டில் ஒற்றைப் பெரிய மொட்டாக நிற்கும் இன்றைய றோசாக்களின் வரிசை அதிலிருந்துதான் எண்ணப்படுகிறது.

இப்போது பொம்பிளைப் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் பீச் நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதே லியோனைச் சேர்ந்த பெர்னே-டூஷே, பாரசீக மஞ்சள் றோசாவோடு பல ஆண்டு மன்றாடி, 1900இல் ‘சொலெய் டோர்’ என்ற வகையைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் அடர்ந்த மஞ்சளும் செம்மஞ்சளும் அவற்றுக்கு இடைப்பட்ட மெல்லிய நிறங்களும் தோட்ட றோசாவுக்குள் பரவின. 1960இல் ஜெர்மனியின் தண்டாவ் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்டார்’ நெருப்புச் செம்மஞ்சளைத் தந்தது. நீலம் மட்டும் கைகூடவில்லை. நீலம் தரும் நிறமி றோசாவின் உடம்பில் உருவாவதே இல்லை. ஜப்பானின் சன்ரோரி நிறுவனம் வேறொரு பூவின் மரபணுவைச் செலுத்தி 2009இல் விற்பனைக்கு விட்ட றோசாகூட ஊதா என்று சொல்லும்படிதான் இருந்தது. கடையில் யாராவது கருநீல றோசாவை நீட்டினால் அது சாயம் குடித்த வெள்ளை றோசா. வெக்கையில் வியர்த்த விரல் பட்டால் அந்தச் சாயம் பட்டு வேட்டியில் இறங்கவும் கூடும். மாலைக்கு அதை எடுக்கவே வேண்டாம் என்பேன்.

இலங்கையில் றோசாவுக்கு வாய்த்த இடம் மலைநாடு. 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான் நிற்கும். பக்கத்து ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கப்பட்டது. இன்று அதைப் பார்க்கப் போகிறவர்கள் றோசாத் தோட்டத்தில்தான் நெடுநேரம் நிற்கிறார்கள். குளிரில் மொட்டு மெதுவாக வளரும். மெதுவாக வளர்ந்தால் இதழ் கூடும், தண்டு தடிக்கும். உலகமெங்கும் விலைபோகும் றோசா உயரமான நிலத்தின் பயிராக இருப்பதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் ஓசூர் மேட்டுநிலம், கென்யாவில் நைவாசா ஏரிக்கரை, எக்குவடோரில் 2800 மீற்றர் உயரத்துக் கயாம்பே என்று அதன் ஊர்கள் எல்லாமே மேட்டில்தான். அப்படிப் பார்த்தால் ரொறன்ரோவில் நடக்கும் ஒரு கொக்குவில் குடும்பத்துக் கலியாணத்துக்கும் எங்கோ ஒரு மலையிலிருந்துதான் பூ இறங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் றோசா வளராது என்று சொல்லமாட்டேன். வீட்டு வளவுகளில் சாடியில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். ஆனால் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் கடினமும் காரமுமானது. றோசா கொஞ்சம் புளிப்பான மண்ணைக் கேட்கும் செடி. காரமான மண்ணில் அதனால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது; நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகப் போகும். மொட்டும் வெக்கையில் அவசரப்பட்டு விரிந்து, சிறிய பூவாக ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியும் மல்லிகையும் இந்த மண்ணின் பிள்ளைகள். மணவறை நிறைக்கும் றோசா வெளியூரிலிருந்துதான் வரவேண்டும்.

வெட்டும் நேரத்திலேயே பாதி விதி எழுதப்படுகிறது. விடியற் குளிரில், புல்லிகள் கீழ்நோக்கி மடங்கி, வெளி இதழ் ஒன்று இளகத் தொடங்கும் பருவத்தில் வெட்ட வேண்டும். முந்தினால் மொட்டு விரியாமலே தலை தொங்கும். பிந்தினால் வழியிலேயே மலர்ந்துவிடும். வெட்டியவுடன் தண்டு நீரை உறிஞ்சப் பார்க்கும். வெட்டுவாயில் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் நீர் ஏறும் குழாய் அடைபடும். கழுத்து மடிந்து நிற்கும் றோசாக்கள் பெரும்பாலும் இப்படித் தாகத்தில் விழுந்தவைதான். தண்ணீருக்குள் தண்டைப் பிடித்து, அடியை இரண்டு விரல் அளவு சரிவாக வெட்டிவிட்டால் பல பூக்கள் ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் தலை நிமிரும். வழி முழுவதும் 2 முதல் 4 பாகைக் குளிரில் வைத்திருப்பதே முறை. அந்தக் குளிர் எங்கு அறுந்தாலும் அங்கிருந்து பூவின் முதுமை வேகம் பிடிக்கும்.

மலையிலிருந்து கொழும்பு வழியாக வந்தாலும் கண்டி வழியாக வந்தாலும், வவுனியா தாண்டி ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குள் நுழைய வேண்டும். இந்த ஏ9 வீதி 1990க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு மூடிக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. முதல் முறை மூடிக் கிடந்தது மாப்பிள்ளையே கிளாலிக் கடலை இருட்டில் படகில் கடந்து வந்த காலம்; மலைநாட்டுப் பூவைப் பற்றி யார் நினைப்பது? பொருளாதாரத் தடையால் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள், வளவிலும் அயலிலும் பறித்த பூவைக் கட்டிக் கலியாணம் செய்தார்கள். அந்தக் கலியாணங்கள் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. வீதி திறந்து இன்று றோசா வந்து இறங்கும்போது அந்த ஆண்டுகளை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. யாழ்தேவி ரயிலும் 2014 ஒக்ரோபர் 13 அன்று மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காங்கேசன்துறைவரை நீண்டபோது கொக்குவில் நிலையத்தைத் திரும்பவும் ரயில் தொட்டது. ஒருகாலம் கொக்குவிலில் சுற்றிய சுருட்டு தெற்கே போய், சிங்கள ஊர்களின் சுருட்டுக் கடைகளில் விற்றது. அந்த வடக்கு தெற்கு வழியில்தான் இன்று பூ மேலேறி வருகிறது.

ஊருக்குள் வந்த பிறகுதான் நிறப் பொருத்தம். “தம்பி, இந்த நிறத்திலயே றோசா வேணும்” என்று பொம்பிளையின் சித்தி சட்டைத் துணியின் வெட்டுத்துண்டை நீட்டுவா. அனுபவமுள்ள சோடனைக்காரன் துண்டை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடப்பான். “அன்ரி, உள்ளுக்கு லைற்றில ஒரு நிறம், வெளியில வெயிலில இன்னொரு நிறம். முகூர்த்தம் பகலோ இரவோ, அதைச் சொல்லுங்கோ முதல்ல.” அவன் கேட்பது மிகச் சரியான கேள்வி. துணிச் சாயமும் பூவின் நிறமியும் வேறு வேறு பொருள்கள். ஒரு வெளிச்சத்தில் இரட்டையராகத் தெரியும் இரண்டும் மற்றொரு வெளிச்சத்தில் பிரிந்துபோகும். மண்டபத்து எல்இடி விளக்கின்கீழ் பொருந்திய இளஞ்சிவப்பு, வாசலில் படம் பிடிக்கும்போது துணியோடு சண்டை பிடிக்கும்.

நம் கலியாணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பொம்பிளை ஒரு சேலையில் மணவறைக்கு வருவா. கன்னிகாதானம் முடிந்து கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்து வந்து தாலிக்கு இருப்பா. ஒரே மணவறை, ஒரே பூ, இரண்டு சேலை. முதற் சேலைக்குப் பொருந்தத் தேடிய வெளிர் ஊதாப் பூ அரக்குச் சிவப்புக் கூறையின் பக்கத்தில் சோர்ந்து தெரியும். அதனால் சேலையின் உடல் நிறத்தை விட்டுவிட்டுக் கரையைப் பாருங்கள் என்பேன். இரண்டு சேலையிலும் பொதுவாக ஓடுவது பொற்சரிகை. அந்தப் பொன்னை ஒட்டிய தந்த நிறமோ வெளிர் பீச் நிறமோ மணவறைக்கு இருந்தால் எந்தச் சேலையும் அதன் முன்னே எடுபடும். சிவப்பை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் சிவப்பு, பின்னணியில் தந்தம், கூந்தலில் மல்லிகை. காதலித்துக் கைப்பிடிக்கும் இரண்டு பேர் நடுவில் இருக்கும்போது பூ அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

சிவப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெட்டிய சிவப்பு றோசா வயதாக ஆக நீலம் பாரிக்கும். உள்ளே இருந்த சர்க்கரை தீர்ந்தபின் இதழ் தன் புரதத்தையே கரைக்கிறது. அதில் பிறக்கும் அமோனியா இதழ்ச் சாற்றைக் காரமாக்குகிறது. நிறமி சிவப்பிலிருந்து ஊதாவுக்குச் சாய்கிறது. வெக்கை இதை விரைவுபடுத்தும். கடையில் அரக்காக இருந்தது முகூர்த்தத்தில் கத்தரிப்பூ நிறமாக நிற்பது இதனால்தான். எனவே கூறையைவிட ஒரு படி இளகிய, செம்மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுங்கள். அது நடந்து நடந்து கூறைக்கு வந்து சேரும். இன்னும் நல்லது, கலியாணத்துக்கு முன் ஒரு கிழமையில் அதே வகையில் ஒரு கட்டு வாங்கி உங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து, மறுநாள் முகூர்த்த நேரத்தில் துணியோடு சேர்த்துப் பார்ப்பது.

பூ வந்திறங்கும் இரவில் வீடு பலகாரத்தாலும் பழத்தாலும் நிரம்பியிருக்கும். கதலிக் குலை பழுத்துத் தொங்கும் அறையில் றோசா வாளியை வைக்கவே கூடாது. பழுக்கும் வாழை எதிலீன் வாயுவை விடுகிறது. பழத்தைக் கனியவைக்கும் அதே வாயு பூவை முதுமைக்குத் தள்ளும். விடியும்போது மொட்டெல்லாம் வாய்திறந்து கிடக்கும். ஓமப் புகையிலும் எதிலீன் உண்டு. குண்டத்துக்குப் பக்கத்தில் றோசாத் தூண் நிறுத்துவதைவிட, அங்கே செவ்வந்தியை நிறுத்தி றோசாவைப் பின்னுக்கும் மேலுக்கும் ஏற்றுவது அறிவு. பச்சை ஒயாசிஸ் கட்டியைத் தண்ணீருக்குள் அமுக்காமல் தானாக ஊறித் தாழ விடவேண்டும். அமுக்கினால் நடுவில் காற்று நின்று, அதில் குத்திய பூ மத்தியானமே வாடும்.

கலியாணம் முடிந்ததும் மணவறைப் பூவில் ஒரு தண்டை எடுத்து மண்ணில் ஊன்றிப் பார்க்கும் அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பூக்கடை றோசா ஒட்டுக்கன்றில் பிறந்தது. சொந்த வேரில் நிற்க எளிதில் சம்மதிக்காது. ஆனாலும் முயலலாம். பூவைக் கிள்ளிவிட்டு, மூன்று கணு இருக்க வெட்டி, எருவும் இலைமக்கும் கலந்த சாடியில் நட்டு நிழலில் வையுங்கள். கிணற்று நீர் வேண்டாம். சேர்த்து வைத்த மழைநீர் ஊற்றுங்கள். ஆவணிக் கலியாணத்துத் தண்டு ஐப்பசி மழைவரை பச்சையாக நின்றுவிட்டால் வேர் பிடித்ததாக நம்பலாம். பிழைத்துப் பூத்தால் பூ மணவறையில் கண்டதைவிடச் சிறியதாக, வெளிறியதாக இருக்கும். மலைக் குளிர் தந்த பருமனை இந்த மண்ணால் தர முடியாது.