தகடு சொன்ன வரலாறு



வரலாற்றுப் பாடத்தில் ‘முதன்மைச் சான்று’ என்பதை விளக்க, கல்வெட்டுப் படங்களையும் பழைய நாணயங்களையும் மாணவர்களுக்குக் காட்டுவது என் வழக்கம். கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு பழைய மகிழுந்து அதே பாடத்தை எனக்கு நடத்தியது.

என் மாமாவிடம் ஒரு மோரிஸ் மைனர் உள்ளது. அவருடைய தந்தையார் 1950-களில் வாங்கியது. நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த அதனைப் புதுப்பிக்கப் பட்டறையில் விட்டிருந்தார். ஒருநாள் நானும் உடன் சென்றேன். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள இரும்புச் சுவரில் பொருத்தப்பட்டிருந்த சிறு தகட்டைக் கழற்றி, துருப்பிடித்த ஆணிகளோடு ஒரு டப்பாவில் போட்டிருந்தார்கள். “தேய்ந்து போச்சு சார், புதுசா அடிச்சு ஒட்டிடலாம்” என்றார் பட்டறைக்காரர். மாமாவும் தலையசைத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மோரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மகிழுந்து. 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970-களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. மலாயாவின் சாலைகளில் அது ஓடிய காலத்தை நம் மூத்தோர் அறிவர்.

1952 முதல் சில ஆண்டுகள் அந்நிறுவனம் அடிச்சட்ட எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட குறியீட்டைப் பொறித்தது. மாமாவின் தகட்டில் இருந்தவை ‘எஃப், பி, இ, 2, 1’. எஃப் என்றால் மோரிஸ் மைனர். பி என்றால் இரண்டு கதவு. இ என்றால் பச்சை வண்ணம். 2 என்றால் வலப்பக்கம் ஓட்டும் ஏற்றுமதி வண்டி. இறுதி இலக்கம் பூச்சின் வகை.

“பச்சையா? அப்பாவின் கார் கறுப்புதானே!” என்று மாமா மறுத்தார். கதவின் உள்விளிம்பில் மெல்லச் சுரண்டிப் பார்த்தோம். கறுப்புக்கு அடியில் பச்சை தெரிந்தது. மாமா பிறக்குமுன்பே வண்ணம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். அவர் சற்று நேரம் பேசவே இல்லை.

தகட்டின் பயன் இத்துடன் முடிவதில்லை. இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. அடிச்சட்ட எண்ணை அனுப்பினால், வண்டி உருவான நாள், அன்றைய வண்ணம், அனுப்பப்பட்ட இடம் முதலியவற்றைச் சான்றிதழாகப் பெறலாம். அந்த எண் தொலைந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

இன்னொரு சான்று. 1960 இறுதியில் பத்து லட்சமாவது மைனர் உருவானது. அதனைக் கொண்டாட, இளம் ஊதா வண்ணத்தில் மேலும் 349 வண்டிகளைத் தனியே செய்தனர். இன்று எந்த மைனருக்கும் ஊதா வண்ணம் பூசலாம். பத்து லட்சம் என்ற சின்னத்தையும் ஒட்டலாம். அது உண்மையில் அந்த 349-இல் ஒன்றுதானா என்பதை அடிச்சட்ட எண்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, பழைய வண்டியைப் புதுப்பிப்போர் முதலில் தகட்டை இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்ற நேர்ந்தால் தனி உறையிலிட்டுப் பெயரெழுதி வைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவதும், மேலே வண்ணம் பூசுவதும், எண்ணைத் திரும்பப் பொறிப்பதும் கூடா. வேலை முடிந்ததும் அதே இடத்தில் பொருத்த வேண்டும். தகடு முன்பே தொலைந்திருந்தால், புதியதைப் புதியது என்றே சொல்லிவிடுவது நேர்மை. உரிமை மாற்றத்தின்போது அடிச்சட்ட எண்ணைப் பதிவோடு ஒப்பிடுவார்கள் என்பதையும் மறவாதீர்கள்; எண்ணில் கை வைத்தால் திருட்டு வண்டியோ என்ற ஐயம் எழும்.

மாமாவின் வண்டி இப்போது பச்சையாக நிற்கிறது. கீறலும் மங்கலுமாக அத்தகடு பழைய இடத்திலேயே உள்ளது. மாமாவின் பேரன் அதனை எழுத்துக் கூட்டிப் படித்து, வருவோருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டியோ தையல் இயந்திரமோ இருந்தால், அதன் எண்ணைப் பிள்ளைகளோடு அமர்ந்து படித்துப் பாருங்கள். வரலாற்றுப் பாடத்தை அங்கிருந்தும் தொடங்கலாம்.