டனலில் ஸ்ட்ராபெரி, பாலிஹவுஸில் ரோஜா

அமெரிக்காவின் குளிர்ந்த வட மாநிலங்களில் ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும் வளர்க்கும் இயற்கை விவசாயிகள் பலர் ‘ஹை டனல்’ போடுகிறார்கள். வளைத்த இரும்புக் குழாய்கள், மேலே பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். செடி நிலத்து மண்ணிலேயே நிற்கும். சூடேற்றும் கருவி பெரும்பாலும் இருக்காது. பக்கத் திரையைச் சுருட்டி ஏற்றினால் காற்று வரும். ஓசூர் வட்டாரத்து ரோஜா பாலிஹவுஸ் பார்வைக்கு இதன் உறவுதான். ஆனால் பூச்சிமருந்தைக் கைவிட நினைப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

சில சிக்கல்கள் பொதுவானவை. டனலில் மழை படாததால் பழ அழுகல் குறையும். ஆனால் இரண்டு கூரையின்கீழும், ஈர இலை தேவைப்படாத சாம்பல் நோய் செழிக்கும். உப்பைக் கழுவ மழை இல்லாததால், தொழுவுரத்தை அள்ளிக் கொட்டினால் மண்ணில் உப்பேறும்.

வழி பிரிவது செடியைத் தாக்கும் செஞ்சிலந்திப் பேனிடம். இதைத் தின்று வாழும் இன்னொரு பேன், சிலியிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகளோடு 1958இல் ஜெர்மனிக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தது. நெதர்லாந்தின் வெள்ளரி விவசாயி யான் கோப்பெர்ட் அதைத் தன் பசுமைக்குடிலில் விட்டுப் பார்த்து, 1967இல் விற்கவே தொடங்கினார். அழகுச் செடி கொண்டுவந்த நன்மையைக் காய்களும் பழங்களும்தான் முதலில் அனுபவித்தன. காரணம் எளிது. இரை கொஞ்சம் மிஞ்சியிருந்தால்தான் அந்தப் பேன் உயிர்வாழும். ஸ்ட்ராபெரியில் இலை சற்று வெளுத்தாலும் பாதகமில்லை, விற்பது பழம் மட்டுமே. ரோஜாவிலோ பூ, காம்பு, இலை மூன்றும் சரக்கு. இலையில் நூலாம்படை தெரிந்தால் அந்தக் காம்பு கழிவுக்குப் போகும்.

அதோடு, பழத்தில் மருந்து எச்சம் இவ்வளவுக்குமேல் கூடாது என்று சட்டம் உண்டு. கொய்மலருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட அப்படி வரம்பு இல்லை. பெல்ஜியத்தில் ரோஜா, ஜெர்பெரா, சாமந்திப் பூங்கொத்துகளைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, மொத்தம் 107 மருந்துகளின் எச்சங்களைக் கண்டது. அதிகம் மாசுபட்டிருந்தது ரோஜா. பூவை யாரும் தின்பதில்லை என்பது உண்மை. ஆனால் பறிப்பவர், தரம் பிரிப்பவர், கட்டுபவர் எல்லோரும் நாள் முழுக்க அதைக் கையில் பிடிக்கிறார்கள். மருந்தில்லா முறை எங்கே அவசரம் என்று கேட்டால், நான் ரோஜாவைத்தான் முதலில் சொல்வேன்.

மருந்தில்லா முறைக்கு ரோஜாவிலேயே ஓர் இடம் இருக்கிறது. பாலிஹவுஸில் பலவீனமான கிளைகளை வெட்டாமல் கீழ்நோக்கி வளைத்துவிடுவார்கள். அவை செடிக்கு உணவு தயாரிக்கும், சந்தைக்குப் போகா. செஞ்சிலந்தியும் அதை வேட்டையாடும் பேனும் அந்த அடிக்கிளைகளில் சேர்ந்து வாழ விட்டால், மேலே நிமிர்ந்து வளரும் காம்புகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஓசூரிலும் கிளை வளைக்கும் வழக்கம் உண்டு. கைவிட வேண்டியது, நல்லது கெட்டது பாராமல் எல்லாப் பேனையும் கொல்லும் மருந்துகளை அந்த அடிக்கிளைகள்மேல் அடிப்பதைத்தான்.