டாக்டர் வரும்வரை காத்திராத கைகள்

இன்று இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் டூட்டி பார்க்கும் எந்த சிஸ்டரும் மானிட்டரை ஒரு பார்வை பார்த்ததும் "வி.எஃப்.!" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிடுவார். இது ஏதோ ஆதியிலிருந்தே இருந்துவரும் வழக்கம் என்று நம் தங்கைகள் நினைத்துவிடக் கூடாது. ஆராய்ச்சி செய்து, நிரூபித்துக் காட்டிப் பெற்ற உரிமை இது.

1960-க்கு முன் மாரடைப்பு நோயாளியைப் பொது வார்டில் படுக்க வைத்து, வாரக்கணக்கில் ஓய்வு கொடுப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்கள்.

வழிமுறைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1956-இல் பால் சோல், மார்பைத் திறக்காமலே மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கலாம் என்று காட்டினார். 1960-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் மார்பை வெளியிலிருந்தே அழுத்தும் முறையை வெளியிட்டார்கள். 1961-இல் ஸ்காட்லாந்தின் டெஸ்மண்ட் ஜூலியன், இந்த நோயாளிகளைத் தனிப் பிரிவில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று எழுதினார். 1962-இல் கான்சாஸ் சிட்டியில் ஹியூஸ் டே அப்படிப்பட்ட ஒரு பிரிவைத் திறந்தார்.

எல்லாம் சரி, ராத்திரி இரண்டு மணிக்கு இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பது யார்? நர்ஸ்தான். டாக்டரைக் கூப்பிட்டு, அவர் ஓடிவந்து சேர்வதற்குள் மூளை கெட்டுவிடும். மார்பு அழுத்தமும் இல்லாவிட்டால், மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

இந்தக் கேள்வியைத்தான் பிலடெல்பியாவின் பிரெஸ்பிடீரியன் மருத்துவமனையில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் ஆராய்ச்சி நர்ஸ் ரோஸ் பினியோவும் கையில் எடுத்தார்கள். அன்றுவரை ஈ.சி.ஜி. படிப்பது டாக்டர் வேலை. ஷாக் கொடுப்பதும் அப்படியே. "நர்ஸ் இதையெல்லாம் செய்யலாமா? சட்டம் ஒத்துக்குமா?" என்ற தயக்கம் இருக்கத்தான் செய்தது. பினியோ நர்ஸ்களுக்கு இதயத் துடிப்பின் கோளாறுகளை அடையாளம் காணவும், உடனே செயல்படவும் கற்றுக்கொடுத்தார். 1965-இல் இருவரும் டாக்டர் கிச்செலோடு சேர்ந்து நர்ஸ்களுக்கென்றே இதய சிகிச்சைக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள்.

1967-இல் நியூயார்க்கில் கில்லிப், கிம்பால் இருவரும் 250 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போகாத நோயாளிகளில் இறப்பு 26 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்திருந்தது. மானிட்டரை மாட்டி வைத்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் உடனே சிகிச்சையில் இறங்க வேண்டும் என்பது அந்த வருடங்கள் சொன்ன பாடம்.

அந்தக் கைகளைப் பழக்குவது அடுத்த கவலை. 1960-இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 'ரெசசி ஆன்' என்ற பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். செய்முறை வகுப்பில் நாம் குனிந்து ஊதிய பொம்மைகளுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள்! ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லின. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே திறமை மங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத, 6-ஐத் தாண்டாத ஆழம் என்று பரீட்சையில் சரியாக எழுதுகிறவருக்கும் கை பின்தங்கிப் போகிறது. வருடக்கணக்கில் சர்வீஸ் உள்ளவர்களும் இதற்கு விலக்கல்ல. அதனால்தான் எப்போதோ ஒரு நீண்ட வகுப்பை விட, அடிக்கடி செய்யும் சின்னச் சின்னப் பயிற்சி மேல் என்கிறார்கள்.

சீனியர் அக்காமாரே, தங்கைகளே! பினியோவின் தலைமுறை வாங்கிக் கொடுத்த அந்த உரிமை, பழகிய கையில்தான் உயிரோடு இருக்கும். கடைசியாகப் பொம்மையின் மார்பில் கை வைத்து எத்தனை மாதமாயிற்று? மலரை மூடி வைக்கும்போது கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.