கொட்டாங்குச்சி முதல் குவாட்டர் வரை

குடியைப் பற்றி நம்மிடம் இரண்டே பேச்சுதான் இருக்கிறது. ஒன்று, குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்கிற அரசாங்கப் பேச்சு. மற்றது, சேரிக்காரன் குடிச்சே அழிஞ்சான் என்கிற ஊர்ப் பேச்சு. குடிச்சவன் என்ன குடிச்சான், எதில் வாங்கிக் குடிச்சான், அது நாக்குக்கு எப்படி இருந்தது, அதற்கு யார் விலை வைத்தது என்கிற கேள்விகள் இரண்டிலும் கிடையாது. சீமையில் சூப்பர் மார்க்கெட்டுக்காரன் தன் பேரில் விற்கிற மலிவு பீரையும் ஆப்பிள் மதுவையும் வரிசையாக வைத்து, ருசி பார்த்து மார்க் போடுகிறார்கள். மலிவுச் சரக்கு குடிக்கிறவனுக்கும் நாக்கு உண்டு என்பது அங்கே சாதாரண விஷயம். இங்கே அப்படியில்லை. அதனால்தான் இந்த வரலாற்றை நாக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்து வளவுகளில் எழுபது வயசுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டால் மார்க் தயாராக இருக்கிறது. பனங்கள்ளுக்கு முதலிடம். அது பருவத்துக்கு மட்டுந்தான், ஆனால் கனம் உண்டு, பசி தாங்கும். தென்னங்கள் வருசம் முழுக்கக் கிடைக்கும், கொஞ்சம் இளசு. ஈச்சங்கள் லேசு, "தண்ணி மாதிரி எறங்கும் சாமி" என்றார் ஒரு பெரியவர். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாமல் விட்டால் கள்ளு. காலையில் இறக்கினது பொழுதுசாயப் புளித்துவிடும். சாராயம் இருக்கிறதே, அது ருசிக்காக இல்லை, உடம்பு வலிக்கு என்றார்கள். வேலம்பட்டையும் வெல்லமும் போட்ட ஊறல் ஒரு மாதிரி, கடையில் வாங்கினது வேறு மாதிரி. இவ்வளவு நுட்பமாக ருசி பிரித்த சனங்களைத்தான் 'மொடாக்குடியர்' என்று ஒரே சொல்லில் முடித்தார்கள்.

ஆனால் கள்ளுக்கடையைச் சொர்க்கமாக எழுத என்னால் முடியாது. அதே பெரியவர்கள்தான் இதையும் சொன்னார்கள்: பண்ணாடி குடித்த கிளாஸ் நமக்கு வராது. கொட்டாங்குச்சியில் ஊற்றுவான், தள்ளி உக்காந்து குடிக்கணும். ஒரே மரத்துக் கள்ளு, ஒரே விலை. ஏந்துகிற பாத்திரம் மட்டும் சாதிக்கு ஒன்று. டீக்கடை இரட்டைக் குவளை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கள்ளுக்கடைக் கொட்டாங்குச்சியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி சட்டத்தின் கதை. 1921இல் கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார் சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தையே அவர் எதிர்த்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கே ஒரு பத்திரிகை நடத்தினார். 1937இல் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலத்துக்குள்தான். நம் மண்தான் சோதனைச்சாலை.

கூலிக்காரன் வீட்டில் சோறு கூடியது, கடன் குறைந்தது என்று அன்றைய அறிக்கைகள் சொல்லின. அதில் உண்மை இருக்கிறது, நம் பெண்களுக்கு அது தெரியும். ஆனால் அதே சட்டத்தில் பர்மிட் கொடுக்கவும் வழி இருந்தது. வசதியுள்ளவனுக்கு பர்மிட், மரத்தடியில் குடிக்கிறவனுக்கு லாக்கப். போன கள்ளு வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடியை விட்ட ஏழை, கடைச் சாமானில் வரி கட்டினான். யுத்த காலத்தில் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுக்க வந்தது.

பிறகு நடந்தது கதவைத் திறந்து மூடுகிற விளையாட்டு. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி கள்ளும் சாராயமும். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் போயின. 1990இல் 'மலிவு விலை மது', 1991இல் அதற்கும் தடை. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. தடையான கள்ளில் போதை நூற்றுக்கு ஐந்து சொச்சம். அரசாங்கம் விற்கிற பிராந்தியில் 42.8. லேசானது குற்றம், கடுமையானது கஜானா!

நம்ம ஆள் ஏன் பீரைத் தொடுவதில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவாட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில், எட்டு சதம் என்றே வைத்தாலும், 52 மில்லிதான். விலையோ பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பு வலியை மறக்கக் குடிக்கிறவன் எதை வாங்குவான்? குவாட்டர் என்பது கரும்புக் கழிவுப்பாகிலிருந்து இறக்கின ஸ்பிரிட்டும் நிறமும் வாசனையும்தான். மோகனூர் மாதிரி சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டின கைதான் அதையும் பிடித்திருக்கிறது. இதற்கு மார்க் கேட்டால் எங்க பெரியவர்கள் காறித் துப்புகிறார்கள். "தொண்டை எரியும், வேறென்ன" என்கிறார்கள். வேறு கடையில் வேறு மலிவுச் சரக்கு வாங்கலாம் என்றால், வேறு கடையே கிடையாது.

அந்த விலையும் கட்டாதவன் எங்கே போவான்? 2024 ஜூனில் நமக்கு அடுத்த மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைத் தின்றது. சேலம் அரசு மருத்துவமனைக்கும் உயிருக்குப் போராடியவர்களைக் கொண்டுவந்தார்கள். செத்தவர்களில் பலர் தலித்துகள், கூலிக்காரர்கள். அன்றைக்கும் ஊர் சொன்னது அதே பேச்சுதான்: குடிச்சே செத்தான்.

இன்று கொங்கு விவசாயிகள் கள் இறக்க உரிமை கேட்கிறார்கள். கேட்கட்டும். தேங்காய் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள், அதுவும் நியாயந்தான். நாம் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. மரம் யாருடையது, ஏறுகிறவன் கூலி என்ன? கடை திறந்தால் நமக்கு ஊற்றப்போவது எதில்?

1951 தேர்தல் அறிக்கையில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மதுவிலக்கை ஒழிக்கச் சொன்னது. பஞ்சசீலத்தைச் சொன்ன அயோத்திதாசர் மதுவை விலக்கச் சொன்னார். இரண்டும் நம் மரபுதான். இரண்டு பேரும் நம்மைப் புத்தியுள்ள மனுசராக வைத்துப் பேசினார்கள். குடிப்பதா விடுவதா என்பதை அந்த இடத்தில் நின்று நாமே முடிவு செய்வோம். கஜானாவுக்காக ஊற்றுகிறவனுக்கும், ஒழுக்கத்துக்காகப் பிடுங்குகிறவனுக்கும் அந்த உரிமை இல்லை.